முழங்கைத் தையல்

ராய்ஸின் படகைப் பாறையோரம் உடைந்த பலகைகளாகத்தான் கண்டெடுத்தார்கள். சிங்கி இறால் பிடிக்கப் போன ஆள் கிடைக்கவே இல்லை. புதைக்க உடல் இல்லாததால் அவன் மனைவி வெர்னாவுக்கு அழுகைகூட முழுசாக வரவில்லை. அவன் கடைசியாகக் கழற்றிப் போட்ட கம்பளிச் சட்டையைத் துவைக்காமல் கதவுக்குப் பின்னால் மாட்டி வைத்திருந்தாள்.

அந்தக் குளிர்காலத்தில் டாம்சின் என்ற ஓவியப் பெண் ஸ்டான்லி என்ற அந்தக் கடலோர ஊரின் மண்டபத்தில் பட்டறை போட்டாள். கடல் கொண்டுபோனவர்களின் உடுப்பில் மை பூசி, மேலே ஈரத்தாள் விரித்து அச்சு உருளைக்குள் விட்டால், உடுத்திய ஆளே தாளில் வந்து நிற்பானாம்.

"வீட்டுக்குள்ளயே முடங்கிக் கிடந்தா ஆச்சா? சட்டைய எடுத்துக்கிட்டு வாடி" என்று வெர்னாவை இழுத்துக்கொண்டு போனவள் பக்கத்து வீட்டு டல்சி. பள்ளிக்கூடத்து நாளிலிருந்து சிநேகிதி.

தாளை உரித்தாள் வெர்னா. தொய்ந்த காலர், வலை இழுத்துத் தேய்ந்த தோள், அறுந்த பொத்தான் என்று ராய்ஸ் அப்படியே நின்றான். வாய்விட்டு அழுதாள். கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்க்கையில்தான் அந்த முழங்கை தெரிந்தது. கறுப்புக் கம்பளியில் கறுப்பு நூல், கண்ணில் பட்டதே இல்லை. அச்சு அதைக் காட்டிக் கொடுத்துவிட்டது. மீன்முள் போலக் குறுக்கும் நெடுக்குமாக ஒரு தையல், மூலைக்கு மூலை முடிச்சு. வெர்னாவுக்குப் பொத்தான் வைக்கக்கூட வராது. டல்சி வீட்டு மெத்தைத் திண்டுகளில் இதே தையலின் மேல்தான் அவள் இத்தனை வருஷமும் உட்கார்ந்திருந்தாள்.

"இது உன் கை தானே?"

டல்சி உருளையைத் துடைப்பதை நிறுத்தவில்லை. "கிழிஞ்சிருந்துச்சு, தைச்சுக் கொடுத்தேன். அதுக்கென்ன இப்போ?"

"படுக்கும்போது மட்டுந்தானே அவரு அதக் கழட்டுவாரு, உன் கைக்கு எப்படிடீ வந்துச்சு?"

துணி டல்சியின் கையிலிருந்து நழுவியது. "உங்கம்மாவப் பாத்துக்க நீ ஹோபார்ட்ல போய்க் கிடந்தியே... அப்ப ஆரம்பிச்சது."

"அம்மா செத்து ஆறு வருஷம் ஆச்சு."

"ஆமா."

டல்சி உடைந்துபோனாள். "எனக்குன்னு அழ வழி இருந்துச்சா? உன் பக்கத்துல உக்காந்து உனக்காக அழற மாதிரி அழுதேன். அந்தச் சட்டையையாவது எனக்குக் கொடுத்துடு, வெர்னா."

"தரேனே."

மை டப்பாவைச் சட்டைக் கையின்மேல் கவிழ்த்தாள் வெர்னா. தையலின் ஒவ்வொரு இழையும் மூழ்கும்வரை உள்ளங்கையால் தேய்த்தாள். "இப்ப எடுத்துக்க."

டல்சி அப்படியும் அதைப் பழைய செய்தித்தாளில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு போனாள்.

அச்சுத்தாளைக் கிழித்துப் போடச் சொன்னாள் வெர்னா. மண்டபத்தின் மறுகோடியிலிருந்து வந்த டாம்சின் பதறினாள். "இதுதாங்க எல்லாத்துலயும் உசத்தி! ஏன் கிழிக்கணும்?"

காரணம் சொன்னால் ஊர் சிரிக்கும். கண்காட்சியில் நட்டநடுச் சுவரில் வெர்னாவின் பெயரோடு அது தொங்கியது.

ஹோபார்ட்டிலிருந்து வந்த ஒரு பெண்மணி அவள் கைகளைப் பற்றிக்கொண்டாள். "எவ்வளவு ஆசையாத் தைச்சிருக்கீங்க! இந்த முழங்கை ஒண்ணு போதுமே, நீங்க வாழ்ந்த வாழ்க்கையச் சொல்ல."

டீ மேசைக்குப் பின்னால் டல்சி கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"ஆமாங்க," என்றாள் வெர்னா. "அவருக்குக் குளிர் ஆகாது."