நாலு தானியக் காண்டாமிருகம்

அச்சகத்துக்குப் போகவேண்டிய தாளில் எல்லாரும் கையெழுத்துப் போட்டாயிற்று, தங்கச்சியைத் தவிர. அவள் பேனாவின் மூடியைக்கூடக் கழற்றவில்லை.

அட்டை விளையாட்டு தயாரிக்கும் அந்தச் சின்ன நிறுவனம் அண்ணனுடையது. நூற்றிருபது அட்டைகளுக்கும் விலை வைப்பது அவள் வேலை. முதல் சுற்றில் கைக்கு ஒரு தானியம் வரும், இரண்டாவதில் இரண்டு, இப்படியே ஏறும். அட்டை மூலையில் போட்டிருக்கும் தானியத்தைக் கொடுத்தால்தான் அதைக் களத்தில் இறக்கலாம். காண்டாமிருகத்துக்கு அவள் ஆறு வைத்திருந்தாள். அண்ணன் ஒரு வார்த்தை கேட்காமல் அந்தத் தாளில் அதை நாலாக்கிவிட்டான்.

"பெட்டி மேல படமே அதுதான். வாங்குறவங்க ஆசையா ஆட வேண்டாமா?"

"ஆடட்டும். ஆறு கொடுத்து ஆடட்டும்."

"நூறு ஆட்டம் ஆடிப் பார்த்தாச்சும்மா. இந்தப் பக்கம் அம்பது ஜெயிச்சிருக்கு, அந்தப் பக்கம் அம்பது. இதுக்கு மேல என்ன சமம் வேணும் உனக்கு?"

அவள் ஆட்டக் குறிப்புகளைப் புரட்டினாள். பற்றிக்கொண்டு வந்தது. நூறு ஆட்டத்திலும் இரண்டு பேர் கையிலும் காண்டாமிருகம்! இருவருக்கும் ஒரே தடியைக் கொடுத்தால் அடி சமமாகத்தானே விழும்? இதைக் கவனிக்காமல் ஒரு மாதம் உட்கார்ந்து ஆடித் தீர்த்திருக்கிறார்கள், புண்ணியவான்கள்.

"அண்ணா, இப்ப நீ அது இல்லாம ஆடு. நான் வச்சுக்கறேன். நான் தோத்தா கையெழுத்து. நீ தோத்தும் நாலுதான்னு நின்னா, பெட்டியிலேருந்து என் பேரை எடுத்துடு. நான் வேற வேலை பார்த்துக்கறேன்."

அந்தப் பெயருக்குப் பின்னால் ஆறு வருஷ உழைப்பு இருந்தது. ஆனால் வார்த்தையைத் திரும்ப வாங்க அவள் தயாராக இல்லை.

அண்ணன் சிரித்தான். சின்ன வயதிலிருந்து எந்த ஆட்டத்திலும் அவளிடம் தோற்றதில்லை என்ற மிதப்பு. பேக்கிங் மேசையில் பெட்டிகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார்கள்.

நாலாவது சுற்றில் காண்டாமிருகம் இறங்கியது. அவனுடைய வில்வீரர்கள் மூவரையும் மிதித்தது. ஆறாவது சுற்றில் ஆட்டம் முடிந்தது. கைக்கு வந்த அட்டை சரியில்லை என்றான். அடுத்த ஆட்டத்தில் கலைத்தது சரியில்லை என்றான். மூன்றாவதில் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டான். அதிலும் மண்ணைக் கவ்வினான். அட்டைகளுக்குப் படம் வரைகிறவர் வேலையை விட்டுவிட்டு வந்து பின்னால் நின்றார்.

"சரி, அந்தக் காண்டாமிருகத்தை இப்ப என்கிட்ட கொடு."

"எதுக்குண்ணா? அதான் சமமான அட்டையாச்சே."

படம் வரைகிறவர் களுக்கென்று சிரித்துவிட்டார். அண்ணன் அவரை முறைத்தான். பிறகு பிடரியைத் தேய்த்துக்கொண்டு குரலைத் தணித்தான்.

"அஞ்சு போட்டுக்கலாமா?"

"ஆறு."

"சரியான பிடிவாதக்காரி நீ."

"ஆறு."

அவன் தாளை இழுத்து, நாலை அடித்துவிட்டு, தன் கையாலேயே ஆறு என்று எழுதினான். அப்புறம்தான் அவள் பேனாவைத் திறந்தாள்.