திரையில் அல்போன்சா

காலையிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாரக்கணக்கில் துறைமுகச் சுங்கத்தில் முடங்கிக் கிடந்த கிராபிக்ஸ் சர்வர் ஒருவழியாக எங்கள் ஆய்வகத்துக்கு வந்துவிட்டது. இன்றைய சோதனையில் அது தேறினால்தான் கடற்காவல் பயிற்சிக்கான சிமுலேட்டர் ஆராய்ச்சி எங்கள் கல்லூரியில் நீடிக்கும். இல்லையென்றால் வேறு ஊருக்குப் போய்விடும், கூடவே என் வேலையும்.

அதை வாங்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. பழைய கம்ப்யூட்டரில் அலை தத்தித் தத்தி நகரும். எதிரிப் படகு வெறும் சாம்பல் கறை. இதில் பழகுகிறவன் கறையைத்தான் சுடக் கற்றுக்கொள்வான் என்று துறைத்தலைவர் ஈவாஞ்சலின் மேடத்தை ஓயாமல் நச்சரித்தேன். நாசரேத்துக்காரர். ஒரு முற்றுப்புள்ளி விட்டுப்போனாலும் கோப்பைத் திருப்பி அனுப்புகிறவர். அவரையே கரைத்துவிட்டேன் என்று எனக்குக் கொஞ்சம் திமிர்கூட இருந்தது.

எதிரிப் படகுக்குப் படம் தேவைப்பட்டபோது எங்கள் ஊரான வேம்பாருக்கு பஸ் ஏறினேன். வேறு யார் படகை எடுத்தாலும் ஆயிரம் கேள்வி வரும். அண்ணன் ரோச்சின் வள்ளம் கரையில் நின்றது. கோயில் திருவிழாவுக்காக அப்போதுதான் பெயிண்ட் அடித்து, முகப்பில் சிலுவை வரைந்து, பக்கத்தில் அம்மாவின் பெயரை எழுதியிருந்தான். எங்கள் கரையில் பெற்றவள் பெயரையோ மாதா பெயரையோ எழுதாமல் யாரும் வள்ளத்தை இறக்குவதில்லை. படம் எதற்கு என்று நான் சொன்னதை அவன் முழுதாகக் கேட்கவில்லை. கவர்மெண்ட் கம்ப்யூட்டரில் வரப்போகிறது என்பதே அவனுக்குப் போதுமாக இருந்தது. தலையைச் சீவிக்கொண்டு வந்து முகப்பில் ஏறி நின்றான்.

"அம்மா பேரு நல்லா தெரியுத மாதிரி எடுலே," என்றான்.

பழைய கம்ப்யூட்டரில் பேரும் தெரியவில்லை, ஆளும் தெரியவில்லை. நானும் மறந்துபோனேன்.

பயிற்சி அதிகாரி வந்து சிமுலேட்டரின் துப்பாக்கியைப் பிடித்தார். திரையில் கடல் விரிந்தது. நுரையும் வெயிலுமாக எங்கள் கடலேதான். பட்ட பாடெல்லாம் தீர்ந்தது என்று நினைத்தேன். அப்போது தூரத்தில் ஒரு வள்ளம் எங்களை நோக்கித் திரும்பியது. சிலுவை. அல்போன்சா. முகப்பில் தலை சீவிய அண்ணன்.

அதிகாரி சுட்டார். வள்ளம் பின்பக்கமாகச் சாய்ந்து முழுகியது. அம்மாவின் பெயர் கடைசியாகத்தான் தண்ணீருக்குள் போனது.

ஒருநாள் கொடுத்தால் படகை மாற்றிவிடுகிறேன் என்றேன். அதிகாரி வேண்டாம் என்றார். பேரும் ஆளுமாக இருப்பதால்தான் நிஜம் மாதிரி இருக்கிறதாம்.

"மெஷின் தேறிட்டுல்லா செல்வின், கையெழுத்தப் போடுங்க," என்றார் மேடம்.

அது யார் வள்ளம் என்று சொல்ல வாயெடுத்தேன். வேலை போய்விடுமோ என்ற பயம் முந்திக்கொண்டது. போட்டுவிட்டேன். என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

அண்ணன் விடியற்காலையிலேயே கடலுக்குப் போயிருந்தான். பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தும் திரும்பத் திரும்ப அவனுக்குப் போன் போட்டேன். எடுக்கவேயில்லை. ஆய்வகத்துக்கும் வராந்தாவுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். சாயங்காலம் அவனே கூப்பிட்டான்.

"ஏலே, இப்பதான் கரையேறுனேன். எதுக்கு இத்தன போனு? மெஷினு வந்துட்டா?"

வந்துவிட்டது என்றேன்.

"அம்மா இங்கனதான் நிக்கா. கேக்கச் சொல்லுதா. பேரு தெரியுதாலே?"

"தெளிவா தெரியுதுண்ணே."

அவன் அதை அம்மாவிடம் சொல்வது கேட்டது. அவள் சிரிப்பதும் கேட்டது.