இருக்கையைக் கவிழ்த்தபோது

கனடாவின் சாஸ்கட்டூனில் குளிர் மைனஸ் முப்பதைத் தொட்டிருந்தது. சமையலறையில் நின்றபடியே மார்னி ரிமோட்டை அழுத்தினால் கார் எஞ்சின் ஓட ஆரம்பித்துவிடும். ஆனால் இருக்கை சூடாக, உள்ளே போய் இன்னொரு பொத்தானை அழுத்தவேண்டும். இரண்டும் சேர்ந்தே நடக்கும்படி ரிலே என்ற ஒரு சின்ன தானியங்கி சுவிட்சை வைத்துவிடலாம் என்று, ஞாயிறு காலை கராஜில் ஓட்டுநர் இருக்கையைக் கழற்றிக் கவிழ்த்தாள்.

சூடேற்றும் வயரைத் தேடிய கை அப்படியே நின்றது. மோதினால் விரிந்து ஆளைக் காக்கும் ஏர்பேக்குக்குப் போகும் மஞ்சள் வயரை யாரோ வெட்டி, எச்சரிக்கை விளக்கு எரியாதபடி ஒரு ரெசிஸ்டரை வைத்து முறுக்கியிருந்தார்கள். இருக்கையின் பக்கத்தில் ஏர்பேக்கே இல்லை. பக்கத்து இருக்கையையும் அவசரமாகக் கழற்றிப் பார்த்தாள். அதிலும் இல்லை. அதில்தான் மகள் டெஸ் தினமும் பள்ளிக்குப் போகிறாள்.

காரை விற்றவன் அவளுடைய அண்ணன் லைல். உடனே போன் போட்டாள்.

"அண்ணா, இந்தக் கார் அடிபட்டதா?"

"லேசா இடிச்சுது. ஏன், லைட்டு எதுவும் எரியலையே?"

"எரியாம பண்ணினது நீதானா?"

"ரெண்டு வருஷமா ஒண்ணும் ஆகலைல்ல? விடு, மார்னி."

"டெஸ் உக்கார்ற சீட்டுடா அது!"

போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் மகளைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிட்டாள். லைல் மூன்று தடவை கூப்பிட்டான். அவள் எடுக்கவில்லை.