நாற்காலிக்கு ஒரு நாணயம்

ஆஸ்பத்திரி வாசலில் பதினொரு சக்கர நாற்காலிகள் ஒன்றுக்குள் ஒன்று செருகி வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் கைப்பிடியிலும் ஒரு சின்னப் பூட்டு, பூட்டுக்கும் அடுத்த நாற்காலிக்கும் நடுவே ஒரு சங்கிலி. பூட்டின் வாயில் நாணயம் போட்டால் சங்கிலி கழன்றுகொள்ளும். நாற்காலியைத் திரும்பக் கொண்டுவந்து மாட்டினால் நாணயம் வெளியே வந்துவிடும். படம் போட்டு விளக்கியிருந்ததால் பாஷை தெரியாமலே, ஊரில் மாவு மில் நடத்தும் மில்காரிக்கு விஷயம் புரிந்துவிட்டது.

அவளிடம் இந்த ஊர் நாணயம் இல்லை. இந்த நாட்டுப் பணமாக அவளிடம் இருந்தவை மூன்றே மூன்று பெரிய நோட்டுகள். புறப்படும் முன் பணம் மாற்றிக் கொடுத்தவர், "சின்ன நோட்டா எடுத்தா கட்டு பெருசாயிடும்மா, இதுதான் பத்திரம்" என்று சொல்லிக் கொடுத்தவை. தங்கும் அறைக்கும் வண்டிக்கும் மகன் ஊரிலிருந்தபடியே ஃபோனில் பணம் கட்டிவிட்டான். அதனால் கைப்பையைத் திறக்கும் வேலையே இதுவரை வரவில்லை. வண்டிக்காரர் இவர்களை வாசலில் இறக்கிவிட்டு, சாயங்காலம் வருகிறேன் என்று சைகை காட்டிவிட்டுப் போய்விட்டார்.

மணி ஒன்பது ஐம்பது. பத்தரைக்கு ஜி கட்டடத்தில் எலும்பு டாக்டரைப் பார்க்க வேண்டும். தாமதமானால் முறை அடுத்தவருக்குப் போய்விடும், மறுமுறை கிடைக்க ஆறு வாரம் ஆகும் என்று கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள். இன்றிலிருந்து ஒன்பதாம் நாள் இவர்களுக்கு ஊர் திரும்ப விமானம்.

கணவர் பெஞ்சில் உட்கார்ந்து மாவுக்கட்டுப் போட்ட வலது காலை நீட்டியிருந்தார். சொந்தமாக லேத் பட்டறை வைத்திருப்பவர். போன வருஷம் பட்டறையில் இரும்புத் தண்டு ஒன்று சரிந்து கணுக்காலில் விழுந்தது. ஊரில் இரண்டு முறை ஆபரேஷன் செய்தும் எலும்பு கூடவில்லை. ஊன்றுகோலோடு இருபது அடி நடந்தாலே முகம் வெளுத்துவிடும். ஜி கட்டடமோ, வரைபடத்தைப் பார்த்தால், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி.

"நம்ம ஊர்க் காசு ஒண்ணு போட்டுப் பாரேன்" என்றார்.

போட்டாள். நாணயம் பாதி உள்ளே போய் அப்படியே நின்றுவிட்டது. தள்ளினாலும் போகவில்லை, இழுத்தாலும் வரவில்லை.

"அளவுல ஒரு மயிரிழை வித்தியாசம்" என்றார் கணவர் எட்டிப் பார்த்து. "பட்டறையா இருந்தா அரைச்சுப் போட்டிருப்பேன்."

"பட்டறையைத் தூக்கிட்டு வர மறந்துட்டேன். நீங்க இங்கயே இருங்க."

உள்ளே வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம் ஃபோனை நீட்டினாள். மகன் அதில் பேச்சை மொழிபெயர்க்கும் வசதி ஒன்றைப் போட்டுக் கொடுத்திருந்தான். அந்தப் பெண் ஏதோ சொல்ல, ஃபோனுக்குள் இருந்த குரல் மேடையில் பேசுவதுபோல் சொன்னது: "இங்கு ரொக்கம் வைத்திருப்பதில்லை. தள்ளிச் செல்லும் பணியாளர் வர நாற்பது நிமிடங்கள் ஆகும். வருந்துகிறோம்."

நாற்பது நிமிஷம் காத்திருக்க முடியாது. போகிற வருகிறவர்களை மறித்துக் கேட்டாள். முதலில் வந்த இளைஞன் பையைத் தட்டிக் காட்டி ஒரு வங்கி அட்டையை எடுத்தான். அடுத்த அம்மாவும் அட்டையைத்தான் காட்டினாள். மூன்றாவது ஆள் நின்றுகூடப் பார்க்கவில்லை. இந்த ஊரில் யாருமே காசு வைத்துக்கொள்வதில்லை போலிருந்தது. காப்பிக் கடைக்காரர் அவளுடைய நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, தன் கல்லாவை முழுசாக வெளியே இழுத்துக் காட்டினார். அப்போதுதான் கடை திறந்திருக்கிறார். உள்ளே நாலு நோட்டு.

மணி பத்து. அவள் கூடத்தின் நடுவில் நின்று யோசித்தாள். மில்லில் சில்லறைக்குத் தட்டுப்பாடு வந்தால் அவள் யாரிடம் போவாள்? பஸ் கண்டக்டரிடம், சைக்கிள் ஸ்டாண்டுக்காரரிடம், பெட்டிக்கடையில். சின்னச் சின்னதாகக் காசு வாங்குகிறவனிடம்தான் சில்லறை தேங்கும். இங்கே சின்னதாகக் காசு வாங்குகிறவன் யார்?

தாழ்வாரத்தின் கோடியில் தண்ணீர் பாட்டில் விற்கும் இயந்திரம் ஒன்று கதவு திறந்து நின்றது. நீலச் சட்டை போட்ட ஆள் ஒருவர் அதிலிருந்து ஒரு பெட்டியை உருவித் துணிப்பையில் கவிழ்த்தார். கலகலவென்று நாணயங்கள் கொட்டின. அந்தச் சத்தம் கேட்டதும் அவள் ஏறக்குறைய ஓடினாள்.

அவர் முடியாது என்று தலையாட்டினார். "இந்தப் பை முத்திரையிடப்படும். இதிலிருந்து எடுக்க எனக்கு அனுமதி இல்லை" என்றது ஃபோன்.

அவள் நகரவில்லை. கண்ணாடிக்கு வெளியே தெரிந்த கணவரின் மாவுக்கட்டைக் கை காட்டினாள், ஃபோனில் கடிதத்தைத் திறந்து பத்தரை என்ற நேரத்தைக் காட்டினாள். அவர் கண்ணாடிக்கு வெளியே எட்டிப் பார்த்தார். பிறகு இயந்திரத்தில் ஒட்டியிருந்த படத்தைத் தொட்டார். சின்ன மதிப்புள்ள பச்சை நோட்டை அது வாங்கிக்கொள்ளும், மீதியை நாணயமாகக் கொடுக்கும். அவள் கையில் இருந்த பெரிய நோட்டை வாங்காது. பச்சை நோட்டுக்கு எங்கே போவது என்று கேட்பதற்குள், எதிரே இருந்த மருந்துக்கடையை அவரே காட்டிவிட்டார்.

மருந்துக்கடையில் ஏழு பேர் வரிசை. எட்டாவது ஆளாக நிற்க நேரமில்லை. வரிசையின் முதலில் நின்ற பெண்மணியிடம் போய் ஃபோனைக் காட்டினாள். என்ன புரிந்ததோ, அந்த அம்மாள் ஒரு அடி பின்வாங்கி வழிவிட்டாள். பின்னால் இருந்த ஒருவர் முணுமுணுத்தார். மில்காரி அவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டாள்.

சும்மா நோட்டை மாற்றித் தர முடியாது என்றார் மருந்துக்கடைக்காரர்.

"எவ்வளவுக்கு வாங்கினா மாத்துவீங்க?"

அவர் நோட்டின் மேல் விரலை வைத்து மூன்றில் ஒரு பங்கு என்று கோடு கிழித்தார். மில்லில் ஒரு வாரம் மாவு அரைத்தால் வரும் பணம் அது. அலமாரியில் கணுக்காலுக்குப் போடும் பட்டை ஒன்று தொங்கியது. எப்படியும் கட்டுப் பிரித்த பிறகு வேண்டியிருக்கும். அதை எடுத்து வைத்தாள்.

அவர் நோட்டை ஒரு விளக்கின் கீழே பிடித்துப் பார்த்துவிட்டு மீதி கொடுத்தார். இரண்டு ஊதா நோட்டு, ஒரு பச்சை. "எல்லாம் பச்சையா குடுங்க" என்றாள். அவர் கையை விரித்தார். இருந்ததே அந்த ஒன்றுதான்.

மணி பத்து பதினாறு. இயந்திரம் பச்சை நோட்டை உள்ளே இழுத்து வெளியே துப்பியது. மறுபடி வைத்தாள், மறுபடி துப்பியது. ஒரு முனை மடங்கியிருந்தது. நோட்டைச் சுவரில் வைத்து, முப்பது வருஷம் மாவு மூட்டை தூக்கிய உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள். மூன்றாம் முறையும் வந்துவிட்டது. நீலச் சட்டைக்காரர் பாட்டில் அடுக்குவதை நிறுத்திவிட்டு வந்தார். நோட்டைத் திருப்பி, அதிலிருந்த தலைப்படம் இடப்பக்கம் வரும்படி வைத்தார். உள்ளே போனது. வரவேயில்லை. ஒரு பாட்டில் தண்ணீர் தொப்பென்று விழுந்தது, அதன் பின்னே நாணயங்கள்.

அவள் எண்ணவில்லை, அள்ளிக்கொண்டாள். அவர் கையைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வாசலுக்கு வந்தபோது கணவர் பெஞ்சில் இல்லை. நாற்காலி வரிசையின் தலைமாட்டில் ஊன்றுகோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு குனிந்து நின்றார். சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

"உங்களை எழுந்திருக்கச் சொன்னேனா?"

"இந்த முதல் நாற்காலியில காசு சிக்கிக் கிடந்தா பின்னாடி இருக்கிறது எதுவும் வெளிய வராது. நீ பாட்டுக்கு ஓடிட்ட." கையில் ஒரு கொண்டை ஊசி இருந்தது. "அந்தப் பக்கம் போன ஒரு பொண்ணுகிட்டக் கேட்டு வாங்கினேன். பூட்டு சாதாரண ஸ்பிரிங்தான். ரெண்டு பக்கமும் நெம்பினா விட்டுடும்."

சொல்லிக்கொண்டே கடைசியாக ஒரு நெம்பு நெம்பினார். ஊர் நாணயம் தெறித்துத் தரையில் உருண்டது. அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை. இந்த ஊர் நாணயத்தைப் போட்டாள். சங்கிலி கழன்று தொங்கியது.

"உட்காருங்க."

"பையில என்ன?"

"உங்க காலுக்குப் பட்டை. விலையைக் கேட்காதீங்க."

பத்து இருபத்தொன்று. தள்ளினாள். வழவழப்பான தரையில் நாற்காலி தானாகப் போவதுபோல் போனது. இரண்டாவது கட்டடத்தைத் தாண்டியதும் ஒரு ஏற்றம். பாதியில் மூச்சு முட்டியது. கணவர் இரண்டு கைகளாலும் சக்கரத்தைப் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தார். அவர் சுற்ற, இவள் தள்ள, ஏறிவிட்டார்கள். லிப்ட் கதவு மூடப் பார்த்தது. காலை நீட்டித் தடுத்தாள். ஜி கட்டடத்தின் மேசையில் கடிதத்தை வைத்தபோது சுவர்க் கடிகாரத்தில் பத்து இருபத்தெட்டு. அங்கிருந்த நர்ஸ் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு முதலில் ஒரு நாற்காலியைத்தான் காட்டினாள்.

அவள் உட்கார்ந்தாள். கணவரை ஸ்கேனுக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். பாட்டிலைத் திறந்து பாதித் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள்.

டாக்டர் அவளைவிட வயதில் சின்னவர். படங்களைத் திரையில் போட்டு நெடுநேரம் பார்த்தார். கணவரின் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு விரல் விரலாக அசைக்கச் சொன்னார். பிறகு மெதுவாக, நிறுத்தி நிறுத்திப் பேசினார். ஃபோன் சொன்னது: "பழைய ஆணிகளை எடுத்துவிட்டு எலும்பை மறுபடி பொருத்த வேண்டும். வெள்ளிக்கிழமை செய்யலாம். ஊருக்குத் திரும்பும் தேதியைத் தள்ளிவையுங்கள். மூன்று மாதத்தில் இவர் ஊன்றுகோல் இல்லாமல் நடப்பார்."

கணவர் தன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஃபோனில் அந்த வரியை மறுபடி ஒலிக்கத் தட்டினாள். மூன்று மாதத்தில் இவர் ஊன்றுகோல் இல்லாமல் நடப்பார். இன்னொரு தடவை தட்டினாள்.

"ஒரு தடவை சொன்னாப் போதாதா?" என்றார் அவர்.

"இருங்க, கேட்கறேன்" என்று அவள் திரும்பவும் தட்டினாள். டாக்டர் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்.