மாப்பிள்ளை ஊர் தட்பவெப்பம்

சண்முகப்ரியாவைப் பெண் பார்க்க வந்தவர்களில் கதிரேசன் ஏழாவது ஆள். முதல் ஆறு பேரைப் பற்றித் தரகர் ராசப்பன் சொன்னதில் பெயரைத் தவிர எதுவும் உண்மையாக இருந்ததில்லை. ஒருவர் விஷயத்தில் பெயரும் பொய். திருப்பூரில் சொந்தமாக பனியன் கம்பெனி வைத்திருப்பதாகச் சொல்லப்பட்டவர், அடுத்தவர் கம்பெனியில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். பிசிறு வெட்டுவது ஒன்றும் கேவலமில்லை. முன்பே சொல்லியிருந்தால் அவள் சரி என்றுகூடச் சொல்லியிருப்பாள்.

அவள் சூலூரில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் டைப்பிஸ்ட். 'சரக்கு நேற்றே அனுப்பப்பட்டுவிட்டது' என்று, இன்னும் வார்க்கவே ஆரம்பிக்காத பம்புக்குக் கடிதம் அடித்துத் தருவது அவள் பிழைப்பு. ஆபீசில் எட்டு மணி நேரம் பொய்யை அடித்துவிட்டு, வீட்டுக்கு வந்தும் அதையே கேட்க வேண்டுமா? வயது இருபத்தேழு. இந்த முறை மனதுக்குள் ஒரு முடிவு எடுத்திருந்தாள். போய் வாழப்போகிற இடம் எப்படி இருக்கும் என்று ஒருத்தராவது உள்ளபடி சொன்னால் கழுத்தை நீட்டுவது. இல்லையென்றால் இனி எவன் முன்னாலும் காபித் தட்டோடு நிற்பதில்லை.

கதிரேசனுக்கு லேயில் வேலை. லே லடாக்கில் இருக்கிறது, லடாக் காஷ்மீர்ப் பக்கம். 'காஷ்மீர்' என்ற சொல்லை மட்டும் ராசப்பன் மறந்தும் வாயில் எடுக்கவில்லை. குண்டு வெடிக்கிற ஊர் என்று பெண்ணின் அப்பா வேலன் எழுந்து போய்விடுவார். வருடம் 1996, பேப்பர் படிக்காதவருக்குக்கூட அது தெரியும். அதனால் 'இமயமலை மேலே, கைலாசத்துக்குப் பக்கம்' என்றுதான் சொல்லி வைத்திருந்தார். கைலாசத்தை யார் குறை சொல்ல முடியும்?

சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மின்விசிறி சூடான காற்றை எடுத்துச் சூடான ஆட்கள் மேல் ஊற்றிக்கொண்டிருந்தது. கதிரேசனுக்கு அப்பா அம்மா இல்லை. கூட வந்த சித்தப்பா கேசரியை முடித்துவிட்டுத் தூங்கவும் ஆரம்பித்திருந்தார்.

"ஏனுங் வேலண்ணா, நம்ம ஊட்டி மாதிரிதானுங்க," என்றார் ராசப்பன். "வருசம் பூராம் ஏசி. பேனே வேண்டாமுங்க. நம்ம அம்மணி ஆறே மாசத்துல ஆப்பிளாட்டச் செவந்து போயிருமுங்க."

வேலன் பஞ்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். எதையும் சரிபார்க்காமல் உள்ளே விட்டுப் பழக்கமில்லை. "பாலைவனம்னு மில்லுல ஒருத்தரு சொன்னாரே?"

"பாலைவனம்னா ஒட்டகம் இருக்கோணுமில்லீங்க? அங்க ஏதுங்க ஒட்டகம்!"

லடாக்கில் ரெட்டைத் திமில் ஒட்டகமே உண்டு. கதிரேசன் வாயைத் திறந்தான், அப்புறம் காபியைக் குடித்தான். கொங்கு நாட்டில் வளர்ந்த பிள்ளை பெரியவர்கள் பேச்சுக்கு 'இல்லை' என்று சொல்வது, பந்தியில் சோற்றுக் கல்லை எடுத்து ஊரறியக் காட்டுகிற மாதிரி. இமயமலையில் ஆறு வருடம் இருந்தும் அந்த மரியாதை அவனை விட்டுப் போகவில்லை.

"வெயில் அடிக்குங்களா?" என்றார் வேலன்.

"ஆமாங்க."

"குளிருமாட்ட இருக்குது?"

"ஆமாங்க."

"மழையெல்லாம் நல்லாப் பேயுமா?"

"ஆ... ஆமாங்க."

"மொத்தத்துல ஊட்டி மாதிரி."

"ஆமாங்க."

சண்முகப்ரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வானிலை நிலையத்தில் வேலையாம். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே போய் வெப்பமானியையும் வானத்தையும் பார்த்து எழுதுகிறவனாம். அப்படிப்பட்டவனுக்கே அந்த ஊரில் வெயிலா மழையா என்று தெரியவில்லை என்றால் அரசாங்கம் எதற்குச் சம்பளம் கொடுக்கிறது? காபித் தட்டைப் பொத்தென்று வைத்தாள்.

"நான் இவருகூட அஞ்சு நிமிசம் பேசோணுமுங்கப்பா."

ராசப்பனுக்கு முகம் வெளுத்தது. வேலன் சமையலறைப் பக்கம் பார்த்தார். உள்ளே பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்த அம்மா மாரியாத்தாள் சரி என்று தலையை ஆட்டினாள். வேலன் தாமே யோசித்து அனுமதி கொடுத்த மாதிரி, "போய்ட்டு வா, கண்ணு," என்றார்.

கொல்லையில் தண்ணீர் டிரம்கள் வரிசையாக நின்றன. எட்டு நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வருகிற தெரு அது. அந்தத் தெருவில் உட்கார்ந்துகொண்டுதான் அவள் அப்பா பாலைவனத்துக்குப் பயப்பட்டார்.

"எங்கப்பாகிட்டச் சொன்னதை உட்டுப்போட்டு உள்ளதைச் சொல்லுங்க. சனவரில இருந்து."

கதிரேசன் நிமிர்ந்தான். குரலே மாறிவிட்டது. "சனவரில மைனஸ் பதினெட்டு வரைக்கும் போகுமுங்க. ஒரு தடவை இருபத்திரண்டு எழுதியிருக்கேன். பைப்புல தண்ணி ஒறஞ்சு பைப்பே வெடிச்சுரும். ஐஸை ஒடைச்சு அடுப்புல வெச்சாத்தான் தண்ணி. குளிக்கறது..." நிறுத்தினான்.

"சொல்லுங்க."

"பதினஞ்சு நாளைக்கு ஒருக்காங்க. காய்னு பாத்தா உருளைக்கிழங்கு, முள்ளங்கி, வெங்காயம். ஏப்ரல்ல காத்தும் மண்ணும். புதுசா வர்றவங்க ரெண்டு நாளைக்குப் படுத்தே கெடக்கோணும். எந்திரிச்சு நடந்தா மூச்சு வாங்கும், தலை வலிக்கும்."

"மழை பேயும்னீங்க?"

"பேயுமுங்க. வருசம் பூராம் சேத்து நாலு இஞ்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வெயிலுக்கும் ஆமான்னீங்க, குளிருக்கும் ஆமான்னீங்க."

"அது ரெண்டும் நெசமுங்க. சூலையில வெயில் தோலை உரிச்சுப்போடும். பக்கத்துலயே செவுத்து நெழல்ல நின்னா நடுங்குவோம். பொய் சொன்னது ஊட்டி மட்டுந்தானுங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "செப்டம்பர் நல்லாருக்கும். மேகம் சைபர்னு நாள் பூரா எழுதலாம். அப்படியொரு நீலம் இங்கயெல்லாம் பாத்திருக்க மாட்டீங்க," என்றான்.

"அப்பறம்?"

அவன் டிரம்மின் விளிம்பைப் பார்த்தான். "நவம்பர்ல ரோடு மூடிருமுங்க. பனி. திரும்ப சூன்லதான் தொறக்கும். நடுவுல பிளேன் மட்டுந்தான். மேகம் கெடந்தா அதும் எறங்காது."

அவனாகவே சொன்னான்.

"எங்கம்மா ரெண்டு வருசம் முந்தி தை மாசம் போயிட்டாங்க. தந்தி அன்னிக்கே வந்துருச்சு. ஆறு நாளா வானம் மூடிக் கெடந்துச்சு. அந்த ஆறு நாளும் டூட்டியில வெளிய போயி மேகம் எவ்வளவுன்னு நாந்தான் எழுதினேன். எட்டுல எட்டுப் பங்கு. கொறச்சு எழுதிப்போட்டா பிளேனைக் கெளப்பி உடுவாங்களோ என்னமோன்னு தோணுச்சு. பிளேன்ல இருக்கறவங்களுக்கும் அம்மா இருக்குமில்லீங்க. எழுதலை. தம்பிதான் கொள்ளி வெச்சான்."

ஆறு பேர் பொய் சொல்லிவிட்டுப் போன வீட்டுக்கு, அம்மா முகத்தைப் பார்ப்பதற்காகக்கூட ஒரு பொய்யை எழுதாத ஆள் வந்து நிற்கிறான். இவனை விடக் கூடாது என்று சண்முகப்ரியாவுக்கு அந்த இடத்திலேயே தோன்றியது. கூடவே அடுப்படியில் நிற்கிற தன் அம்மாவின் நினைவும் வந்தது. அவள் அவர்களுக்கு ஒரே பெண்.

"இதை உள்ள வந்து நீங்களே சொல்லோணும்."

"சொன்னாப் பொண்ணு குடுக்க மாட்டாங்களே."

"சொல்லாட்டி நான் வர மாட்டேன்."

சொன்னான். சனவரியிலிருந்து ஆரம்பித்து, மூடுகிற ரோடு வரைக்கும், அம்மா போனது வரைக்கும். ராசப்பனுக்கு பஜ்ஜி நெஞ்சில் நின்றுவிட்டது. சித்தப்பா விழித்துக்கொண்டு பார்த்தார், நிலவரம் சரியில்லை என்று தெரிந்ததும் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். வேலன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"ரொம்ப சந்தோசமுங்க. வந்தீங்க, சாப்பிட்டீங்க. நாங்க யோசிச்சுச் சொல்றோமுங்க."

அந்தப் பக்கத்தில் இதைவிட மரியாதையாக ஒருவரை வெளியே அனுப்ப முடியாது. கதிரேசனும் அந்த ஊர்க்காரன்தான், புரிந்துகொண்டு கைகூப்பினான். ராசப்பன் செருப்பைத் தேடப் போனார். "அப்பா," என்று சண்முகப்ரியா ஓரடி முன்னால் வந்து நின்றுவிட்டாள். உங்களையும் அம்மாவையும் ஏழு மாதம் பனிக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டுப் போகிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

அப்போதுதான் மாரியாத்தாள் எண்ணெய்க் கையோடு வெளியே வந்தாள். அதுவரைக்கும் அவள் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

"ரோடு எப்பெல்லாந் தம்பி தொறந்திருக்கும்?"

"சூன்ல இருந்து அக்டோபர் வரைக்குமுங்க."

மாரியாத்தாள் விரல் விட்டு எண்ணினாள். "ஆனி, ஆடி, ஆவணி, பொரட்டாசி, ஐப்பசி. அஞ்சு மாசம் கெடக்குதில்ல."

"அதுக்கென்னாங்கறே?" என்றார் வேலன் எரிச்சலாக.

"அந்த அஞ்சு மாசத்துக்குள்ள பாத்துச் செத்துக்கறேன். நீ போ, அம்மணி."

முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு மாரியாத்தாள் அடுப்படிக்குத் திரும்பினாள். வேலன் அவள் போன வாசற்படியைப் பார்த்தார். பிறகு கதிரேசனை உட்காரச் சொன்னார்.