ஆறாவது துண்டில் ஒரு வசந்தம்

"அக்கா, ஆறாவது துண்டை மட்டும் கிட்டக்க வச்சு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. மூணு மணிக்குக் கூட்டம். பளிச்சுன்னு வரணும்" என்று சொல்லிவிட்டுச் சின்னவள் போனை வைத்துவிட்டாள்.

"உத்தரவு மகாராணி" என்று வைத்த போனுக்குப் பதில் சொன்னாள் பெரியவள்.

இருவரும் ஓரகத்திகள். அண்ணனைக் கட்டியவள் பெரியவள், தம்பியைக் கட்டியவள் சின்னவள். வீட்டில்தான் இந்த வரிசை. கடல் ஆய்வுக்கூடத்தில் சின்னவள் ஆராய்ச்சியாளர், மாடியில் தனி அறை. பெரியவள் கடலடி மண்ணைச் சுமந்து வரும் குழாய்களை நெடுக்கில் அறுத்துப் பிளப்பவள், கீழ்த்தளம். இருபத்திரண்டு வருட அனுபவம். மெஷின் ஓடும்போது மெஷின் பேசும், நின்றால் இவள் பேசுவாள். அதனால் கூடத்தில் இவளுக்கு 'ரம்பம்' என்று பெயர். அவளுக்கும் அது தெரியும். கோபமில்லை.

ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு குளிரறைக்குள் போனாள். ஆறாவது துண்டை இழுத்து மேசையில் கிடத்தி, நனைந்த தூரிகையால் முகம் துடைத்துவிடுவதுபோல் துடைத்தாள். சாம்பல் சேற்றில் வெள்ளைக் கிளைகள் எழும்பி வந்தன.

வெயிலில் மினுக்கும் பவளம் இல்லை இது. வெளிச்சமே எட்டாத ஆழத்தில், சில்லிட்ட நீரில், நீரோட்டம் வாயருகே கொண்டுவந்து கொடுப்பதைத் தின்று வளரும் ஜாதி. செத்த கிளைமேல் புதுக் கிளை, இண்டு இடுக்கில் சேறு என்று பல்லாயிரம் வருடத்தில் ஒரு குன்றே எழுந்துவிடும். அதில் நீளக் குழாயை இறக்கி உருவினால், உச்சியில் அண்மைக்காலம், அடியில் ஆதிகாலம். கப்பலிலேயே அதை ஒரு மீட்டர் துண்டுகளாக நறுக்கி, மேலிருந்து வரிசையாக எண் போட்டு, ஒவ்வொன்றுக்கும் மேல்முனையில் நீல மூடி, அடிமுனையில் வெள்ளை மூடி போடவேண்டும். மூடி போடுவது பெரியவள் வேலை.

ஏழாவது துண்டு முழுக்கப் பவளம். ஐந்தாவதின் அடியில் வெறும் சேறு, பனியுகத்தின் கடுங்குளிர். நடுவிலிருக்கும் இந்த ஆறாவதில்தான் சின்னவளின் அதிர்ஷ்டம். பவளம் காணாமல் போய், அந்தக் கடுங்குளிரிலேயே மறுபடி கொழித்து, திரும்ப மறைந்திருந்தது. 'குளிரின் நடுவே ஒரு வசந்தம்' என்று அதற்குத் தலைப்பே வைத்துவிட்டாள். போன வருடம் "புதுசா என்னம்மா இருக்கு?" என்று மறுபடி போகக் கப்பல் தராமல் திருப்பி அனுப்பிய குழுவை, இந்த வசந்தத்தை வைத்துத்தான் இன்று மடக்கப்போகிறாள்.

கேமராவைக் குனிந்து பார்த்தபோது பெரியவள் கண்ணில் ஒரு சிப்பி பட்டது. மூடிய சிப்பி, ரம்பத்தில் இரண்டாகப் பிளந்தது. உள்ளே பாதி சேறு, பாதி வெறும் பொந்து. குவளையில் ஊற்றிய கஞ்சி மாதிரி சேறு அடியில்தானே தங்கும்? இதில் சேறு நீல மூடிப் பக்கம் இருந்தது. மேல்பக்கம்.

"என்னடி இது, கூரையில ஒட்டின கஞ்சி" என்று சிப்பியைக் கேட்டாள்.

பக்கத்தில் இன்னொரு சிப்பி. ஒரு பவளக் கிண்ணம். அப்புறம் இரண்டு. எல்லாமே அப்படித்தான். ஐந்தாவதை இழுத்துப் பார்த்தாள். அதில் ஒழுங்காக அடியில் சேறு. ஏழாவதிலும் ஒழுங்கு.

பெரியவளுக்குக் கப்பல் மேல்தளம் ஞாபகம் வந்தது. ஆறாவது துண்டு கையில் இருந்தபோதுதான், கொழுந்தன் கல்யாணத்தன்று சட்டையை உள்புறம் வெளியே போட்டு வந்து நின்ற கதையை மாலுமிகளுக்கு நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இவளும் சிரித்துக்கொண்டே துண்டைத் திருப்பிப் பிடித்து மூடியை அமுக்கியிருக்கிறாள்.

மணி ஒன்றே முக்கால். போட்டோவை நாலு விரற்கடை தள்ளி எடுத்தால் ஒரு சிப்பியும் தெரியாது. இருபத்திரண்டு வருடப் பேரும் மிஞ்சும்.

"சீ" என்று தன்னையே ஒரு அதட்டு அதட்டிவிட்டு, துண்டைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு மாடியேறினாள்.

"போட்டோதானே கேட்டேன், பொருளையே தூக்கிட்டு வந்துட்டீங்க?"

"உன் வசந்தம் தலைகீழா இருக்குடி."

"என்னது?"

"மூடியை மாத்திப் போட்டுட்டேன். நான்தான். இந்தா, சேறு எந்தப் பக்கம் தங்கியிருக்கு பாரு."

சின்னவள் லென்சை எடுத்தாள். சிப்பி சிப்பியாகப் பார்த்தாள். "ஒருவேளை நீங்க ரேக்ல தலைகீழா நிறுத்தி, சேறு அந்தப் பக்கம் விழுந்திருந்தா?"

"பல்லாயிரம் வருஷம் இறுகின சேறு. நகத்தால சுரண்டிப் பாரு. விழுமா?"

விழவில்லை. சின்னவள் தலையில் கைவைத்தாள். "ஒரு மணி நேரத்துல கூட்டம்க்கா! எதைச் சொல்லிக்கிட்டு இருந்தீங்க அப்ப?"

"உன் புருஷன் சட்டைக் கதை."

"அடப்பாவமே. அந்த மனுஷனால எனக்கு எந்தக் காலத்துலயும் விடிவு இல்லை." சிரிப்பா அழுகையா என்று சொல்லமுடியாத முகம். திடீரென்று நிமிர்ந்தாள். "இருங்க. பவளத்துக்கு வயசு கணக்குப் பார்த்தப்ப ஆறாவதுல ரெண்டு வயசு தப்பா வந்துதுன்னு ஒதுக்கி வச்சேனே? மேல கிழவி, அடியில குமரின்னு."

"திருப்பிப் போடு."

துண்டைத் திருப்பி வைத்தார்கள். வயது இரண்டும் ஏழாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் வாகாய்ப் போய் உட்கார்ந்தன. வசந்தம் போய்விட்டது. ஆனால் இப்போது அடியிலிருந்து மேலே பார்த்தால், விரல் தடிமன் கிளைகள் பென்சிலாகி, பென்சில் தீக்குச்சியாகி, அப்புறம் ஒன்றுமில்லை. கூடவே நறநறத்த மணல் மெல்ல மாவாகியிருந்தது.

"இளைச்சு இளைச்சுப் போயிருக்கு பாவம்" என்றாள் பெரியவள். "குளிர் தாங்காமலா?"

"குளிரு இதுக்குப் பழக்கம்தான்க்கா. மண்ணைத் தொட்டுப் பாருங்க, எவ்வளவு நைஸ். ஓட்டம் வேகமா இருந்தா மணல் வரும், மந்தமானா மாவுதான் படியும். காலம் மாறினதுல நீரோட்டம் படுத்துருச்சு. ஊட்டுற கை நின்னுபோச்சு. பட்டினி."

"அப்ப இதுவும் கதைதானே?"

"கதைதான். ஆனா மூணு மணிக்கு நான் முதல்ல என் தப்பைச் சொல்லணும்."

"என் தப்பை" என்றாள் பெரியவள். "நானும் வர்றேன்."

கூட்டத்தில் ஐந்து பேர். பெரியவள் கைகட்டி நின்று மூடிக் கதையை ஒன்றுவிடாமல் சொன்னாள், சட்டையையும் விடவில்லை. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சின்னவள் துண்டைச் சுற்றுக்கு விட்டாள். தீக்குச்சிக் கிளைக்கு வந்ததும் எல்லார் விரலும் நின்றது.

"அப்புறம் திரும்பி வந்துச்சா?" என்று கேட்டார் தலைவர்.

"ஐந்தாவதோட உச்சியில வருது சார், ஓட்டம் திரும்பினதும். ஆனா எத்தனையோ ஆயிரம் வருஷம் காத்திருந்து. இன்னிக்கு அங்க ஓட்டம் எப்படி இருக்குன்னு யாரும் போய்ப் பார்க்கலை. குன்று மேல இப்ப விரலா, பென்சிலா, தீக்குச்சியா? அதுக்குத்தான் கப்பல் கேக்கிறேன்."

மறுநாள் கடிதம் வந்தது. கப்பல் உண்டு, பதினெட்டு நாள். ஒரே நிபந்தனை: மூடி போடும் நேரத்தில் மேல்தளத்தில் யாரும் பேசக்கூடாது.

"யாரைச் சொல்றாங்கன்னு தெரியுதா?" என்றாள் சின்னவள்.

பெரியவள் கடிதத்தை இரண்டு முறை படித்தாள்.

"பேசக்கூடாதுன்னுதான போட்டிருக்கு? சைகை காட்டக்கூடாதுன்னு இல்லையே."

"அக்கா!"

"சரிடி சரி. ரெண்டு கையிலயும் மூடி இருந்தா நான் எதைக் காட்டறது?"