நாத்தனார் ரோஜா

நர்சரிக்காரியின் நாத்தனாருக்கு முழங்கையில் முள் முளைத்த வாரம்தான் அந்த ரோஜா நன்றாக விற்க ஆரம்பித்தது. அதுவரை அதைச் சீந்த ஆளில்லை. வெளிநாட்டுச் செடி; கூடவே வந்த பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் வாங்க வந்தவர்களுக்கு நாக்கு சுளுக்கிக்கொண்டது. பார்க்க அழகு, தொட்டால் பிடுங்கும், தண்ணீர் ஊற்ற ஒரு வேளை தாமதமானாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். நர்சரிக்காரி அதிகம் யோசிக்கவில்லை. தகரத்தில் 'நாத்தனார்' என்று எழுதித் தொட்டியில் செருகினாள். கல்யாணமான பெண்கள் சிரித்துச் சிரித்து வாங்கிப் போனார்கள். கொஞ்ச நாளில் ஊரில் வாசலுக்கு ஒரு நாத்தனார் நின்றாள்.

மாடியில் குடியிருந்த நிஜ நாத்தனாருக்கு முள் தோள்வரை ஏறியது. ரவிக்கைகள் கிழிந்தன, தலையணையிலிருந்து பஞ்சு பறந்தது. டாக்டர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, முள் ஆரோக்கியமாக இருக்கிறது, வெயில் படட்டும் என்றார். நர்சரிக்காரிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கேலிக்கு வைத்த பெயர் ஒரு பெண்ணின் உடம்பில் ஏறி உட்காரும் என்று அவள் கண்டாளா? புருஷன் வேறு, "என் தங்கச்சியை இப்படிப் பண்ணிட்டியே" என்று நாள் முழுக்க நச்சரித்தான். இத்தனைக்கும் அந்தப் பெயருக்கு முதலில் விழுந்து விழுந்து சிரித்தவன் அவன்தான்.

கடைசியில் ஒரு சாயங்காலம் அவள் தகரங்களைப் பிடுங்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தபோது, ஆபீஸிலிருந்து வந்த நாத்தனார் வழியை மறித்து நின்றாள்.

"என்ன அண்ணி பண்றீங்க?"

"பேரை மாத்தறேன்டி. 'ராணி'ன்னு வெச்சுட்டா உனக்கு எல்லாம் உதிர்ந்துடும். என்னை மன்னிச்சுடு."

"முதல்ல கையை எடுங்க. இத்தனை வருஷமா பஸ்ல எவனாவது ஒருத்தன் மேல சாஞ்சுட்டேதான் வருவான். இப்ப என்னைச் சுத்திக் கட்டில் போடலாம், அவ்வளவு இடம். தோளைத் தட்டித் தட்டியே வேலை சொல்வாரே எங்க மேனேஜர், நேத்து கையில கட்டோட வந்தார். ராணியாவது கீணியாவது! இந்தப் பேரே இருக்கட்டும்."

நர்சரிக்காரி சிரிப்பதா அழுவதா தெரியாமல் அவளைக் கட்டிப்பிடிக்கப் போனாள். நல்லவேளை, நினைவு வந்தது. கத்தரியை எடுத்து, மல்லாந்து படுக்க விடாத முட்களை மட்டும் பார்த்துப் பார்த்து நறுக்கிவிட்டாள்.

"அது சரி, அண்ணனுக்கு மட்டும் ஒரு பேரும் இல்லையா?" என்று கேட்ட நாத்தனார், காலையில் வெள்ளையாகப் பூத்துச் சாயங்காலத்துக்குள் சிவந்துபோகும் செம்பருத்தியில் தானே 'அண்ணன்' என்று எழுதி ஒரு தகரத்தைச் செருகினாள்.

மறுநாளிலிருந்து நர்சரிக்காரியின் புருஷன் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி எழுந்து, மத்தியானம் ரோஸாகி, பொழுது சாயச் சாயச் செக்கச்செவேலென்று ஆனான். முதல் வாரம் தாம்தூம் என்று குதித்தான். அப்புறம் பேசாமல் கல்லாவில் உட்கார்ந்து வியாபாரத்தைப் பார்த்தான். கடைச் சுவரில் கடிகாரம் நின்றுபோனபோது அதற்கு யாரும் பேட்டரி வாங்கவில்லை. அவன் மூஞ்சி நன்றாகச் சிவந்ததும் கேட்டைச் சாத்தினார்கள்.